தறிச் சத்தம் கேட்ட ஞாயிறுகள்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், தெருவாருக்கும், அவருடைய தொழில் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்த மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் பிறந்ததும் வாழ்ந்ததும் பிள்ளையார்பாளையத்தில் இதே வீட்டில்தான். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. பரீட்சை எழுதிய கையோடு அப்பாவின் தறியில் உட்கார்ந்தார். அம்மாவைக் கடைசிவரை கண்போல் பார்த்துக்கொண்டார். என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். தமக்குப் பிள்ளை இல்லாத குறையை என்னை வைத்தே தீர்த்துக்கொண்டார். அவருடைய முன்கோபம் உங்களுக்குத் தெரியும். பட்டு இழை நூறு முறை அறுந்தாலும் பொறுமையாக முடிச்சுப் போடுவார், காபி ஆறிப்போயிருந்தால் மட்டும் வீடே அதிரும்.

வேலைக்காக நெதர்லாந்து போன நான், அங்கே உடன் வேலை பார்த்தவரையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது உங்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைத்தானே சொல்கிறேன். அண்ணன் ஒருவர்தான் கூடத்தில் எழுந்து நின்று, “கட்டிக்கப் போறது அவ. ஆள நான் பாத்துட்டேன், நல்ல மனுசன். உங்களுக்கு இன்னா?” என்று கேட்டார். குமரகோட்டத்தில் முருகன் சந்நிதியில் தாலி ஏறியது. அன்று, “மாப்ள ஒசரத்துக்கு வேட்டி முட்டிக்குக் கீழ எறங்க மாட்டேங்குது பாரு!” என்று அவர் சிரித்த சிரிப்பு என் கணவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. “மச்சான்” என்பதுதான் அவர் முதலில் கற்ற தமிழ்ச் சொல்.

ஞாயிறுதோறும் போன் செய்வேன். அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நெய்துகொண்டே பேசுவார். எங்கள் வீடுகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் நிற்பது தறிதான். அதனால் பேச்சுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு நிம்மதியாகிவிடும். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு, எப்போதும் இல்லாமல், “ஆடிக் கிருத்திகைக்கு வர்றியா பாப்பா?” என்றார். அதற்கு மறுநாள் அண்ணி மாடியிலிருந்து தனியாகப் பேசினார். “ஒரு தரம் வந்துட்டுப் போயேன் பாப்பா. உன்னையே நெனச்சுக்கினு இருக்காரு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இங்க தங்குறதுக்கான கார்டைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கேன் அண்ணி. அது கைக்கு வராம நாட்டை விட்டு வெளிய வந்தா சட்டம் திரும்ப உள்ள விடாது.”

அன்று அண்ணனுக்குக் கணையத்தில் கட்டி என்று சென்னையில் சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. என் பதிலைக் கேட்டதும், “சொன்னா அவ அங்க துடிச்சுப்பூடுவா. யாரும் மூச்சு விடக் கூடாது” என்று எல்லாரையும் அடக்கிவிட்டார். அதன்பின் வீடியோவில் கூப்பிட்டால், “இங்க நெட்டு இழுக்கல பாப்பா” என்பார். அறையில் கட்டிலில் படுத்தபடி என்னோடு பேசுவார். கூடத்தில் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் தம் வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் தறியில் உட்கார்ந்து நெய்வார். நான் கேட்பதற்காகவே!

ஒரு நாள், “என்னண்ணா, கை இன்னிக்கு இவ்ளோ வேகமா ஓடுது?” என்று கிண்டல் வேறு செய்தேன். “பாவு முடியப் போவுதுல்ல” என்றார். தறியில் ஏற்றிய நூல் தீரப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன், எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதைவிடக் கொடுமையைக் கேளுங்கள். ஒரு ஞாயிறு அமாவாசை. அமாவாசையில் எங்கள் தெருவில் எந்தத் தறியும் ஓடாது, பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஏழுமலை அண்ணன் தயங்கியிருக்கிறார். “உக்காருப்பா, பாவம் என்னோட போவட்டும். அவளுக்கு அங்க அமாவாசை ஏது? சத்தம் இல்லன்னா பயந்துக்கும்” என்று அண்ணன் சொன்னாராம். நெசவாளி வீட்டுப் பெண் நான். அன்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தேன். என்ன பிறவியோ!

அடுத்த வியாழனன்று காலை அண்ணன் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து நின்ற என்னைக் கட்டிக்கொண்டு நீங்கள் எல்லாரும், “சட்டம் அப்படி, நீ என்னம்மா பண்ணுவ” என்று ஆறுதல் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன்.

கார்டு கையில் இல்லாதவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப, கேட்டால் பாஸ்போர்ட்டில் ஓர் அனுமதி ஒட்டித் தருவார்கள். அண்ணி பேசிய அன்றைக்கே என் கணவர், “வா, நாளைக்கே போய்க் கேட்போம்” என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விடுப்புக் கேட்கப் பயம். ஊருக்கு வந்தால் குழந்தை ஏன் இல்லை என்று கேட்பீர்களே என்ற எரிச்சல். அவ்வளவுதான் காரணம். காரியத்துக்கு நான் வந்ததும் அதே அனுமதியில்தான்.

அண்ணனுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. ஏழுமலை அண்ணனுக்கு நன்றி என்று எழுதக் கூசுகிறது. அவர் காலில் விழுந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அழுகையோடு, “அவரை ஏமாத்திட்டேன் அண்ணி” என்றேன். அண்ணி என் கையிலிருந்த தாளை வாங்கி வைத்தார். பிறகு சொன்னார்:

“அவருக்குத் தெரியும் பாப்பா. நீ சொன்ன வாரமே பஸ் ஸ்டாண்டுகிட்ட டிராவல்ஸ்ல போயி அவரே விசாரிச்சாரு. அனுமதி வாங்கிக்கினு வரலாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து, ‘சட்டம் விடலன்னே எல்லாருக்கும் சொல்லு. நம்ம பொண்ண யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது’ன்னாரு.”

சொந்தங்களே, எனக்காக அண்ணன் உங்களிடம் சொல்லிவைத்த பொய் அது ஒன்றுதான். அதை நானே இங்கே திருத்துகிறேன். சட்டம் விட்டது. நான்தான் வரவில்லை.

— தங்கை