காளியண்ணன் பார்த்த வெட்டுப் படம்

புக்கிட் ரோத்தான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் டிராக்டரை ஓட்டிய காளியண்ணனுக்கு அவசரம் என்பது பிறவியிலேயே கிடையாது. தீபாவளிக்கு எடுத்த துணி பொங்கலுக்குத்தான் சட்டையாகும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாத்துகள் அவன் வண்டியை முந்திக்கொண்டு போகும். போகிற போக்கைப் பார்த்தால் பால் வழியிலேயே உறைந்துவிடும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தினமும் கத்துவார்.

பால் கொட்டகையில் வாளியோடு நிற்கும் கங்காவின் மேல் அவனுக்கு ஆசை வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அவள் வாளியை மட்டும் அவனே தூக்கி ஊற்றுவான். மழை நாளில் அவள் வரும்வரை வண்டியை எடுக்கமாட்டான். பேச்சு மட்டும் "இன்னிக்கு நல்ல வெயிலு" என்பதைத் தாண்டவில்லை. "ஆமாண்ணே" என்பாள் கங்கா. அந்த 'அண்ணே', பாலில் விட்ட ஆசிட் மாதிரி ஆளை அங்கேயே உறைய வைத்துவிடும்.

எண்பத்து நான்கில், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி வீட்டு வாசலில் வாடகை வீடியோ டெக் வைத்துச் சிரிப்புப் படம் போட்டார்கள். பஸ்ஸில் நாயகன் நாயகியின் காலை மிதித்தான். அவள் முறைத்தாள். திரை லேசாக நடுங்கியது. அடுத்த நொடி இருவரும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள்.

"இது என்னடா கதை? எங்க வீட்டுச் சேவல்கூட இதவிட நேரம் எடுத்துக்கும்லா" என்றார் சன்னாசி.

லயமே சிரித்தது. நம்ப முடியாத காதல் என்று ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. காளியண்ணன் மட்டும் எழுந்து நின்று, மனசு வைத்தால் நடக்கும் என்று வாதாடினான். சிரிப்பு இரட்டிப்பானது. பெண்கள் பக்கம் கங்காவும் சிரித்ததை அவன் பார்த்தான். இத்தனை வருசம் வீணாகப் போனது வெயிலைப் பற்றிப் பேசியதால்தான் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் டிராக்டர் கொட்டகைக்குள் பாய்ந்து வந்தது. வாத்துகள் சிதறின. காளியண்ணன் குதித்து, நேராகப் போய், ரப்பர் பூட்ஸ் காலால் கங்காவின் காலை மிதித்தான்.

"கங்கா, நாம கட்டிக்குவோமா?"

வாளி கவிழ்ந்து நான்கு கால்களிலும் பால் ஓடியது. நிறுவைக்கு நின்ற கிராணி கத்தவும் மறந்துபோனார்.

"நேத்து படத்தப் பாத்துட்டா இப்படி?" என்றாள் கங்கா, காலைத் தேய்த்துக்கொண்டே. "கோலசிலாங்கூர்ல அக்கா வீட்டுல நான் அத முழுசா பாத்திருக்கேன். ஒரே கேசட்டுல ரெண்டு படத்த அடைக்க, கடைக்காரன் நடுவுல வெட்டிட்டான்."

காளியண்ணன் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தினான். "நடுவுல என்ன நடக்குது?"

"அவன் அவ பின்னாலயே அலையிறான். நாளு பூரா காத்துக் கெடக்கிறான். பேச வந்து பேசாமத் திரும்புறான். அப்புறந்தான் அவ சரிங்கிறா."

அவன் வழக்கம்போல நெடுநேரம் யோசித்தான்.

"அந்த நடுப் படத்தத்தான நான் இத்தன வருசமா ஓட்டிக்கிட்டிருக்கேன்."

கங்கா குனிந்து, கணுக்காலில் காய்ந்த பாலை நூல்நூலாக உரித்தாள். நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வந்து அப்பாகிட்ட பேசுங்க. டிராக்டர்ல வராதீங்க, விடிஞ்சிடும்."

பாதி வழி போன பிறகுதான் காளியண்ணனுக்கு உறைத்தது: அவள் பேச்சில் 'அண்ணே' வரவில்லை. வண்டியை நிறுத்தி அதை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான். வாத்துகள் முந்திக்கொண்டு போயின.