கிடர்பூர் துறைமுகத்தில் ஈரக் கரி

காலை 6.40-க்கு டாக்குரியா ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். தொண்ணூற்றெட்டு ஜூலை. விடாமல் கொட்டிய மழை முந்தாநாள்தான் ஓய்ந்து, வெயில் சுள்ளென்று அடித்தது. பாலிகஞ்சில் மாறி மாஜேர்ஹாட். அங்கிருந்து கிடர்பூர் துறைமுகத்துக்கு இரண்டு ரூபாய் டிக்கெட்டில் பஸ். கையில் ஆறு தகர டப்பா, ஒரு சின்ன மண்வெட்டி. லேடீஸ் பெட்டியில் ஒரு அம்மாள், "மீன் வியாபாரமா?" என்று கேட்டாள். "கரி" என்றேன். தள்ளி உட்கார்ந்தாள். போகட்டும், எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

நான் ஒரு சின்ன சோதனைக்கூடத்தில் கெமிஸ்ட். கப்பலில் வந்து இறங்கும் கோக் கரியில் மாதிரி எடுத்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் லாரிகள் இரும்பு ஆலைக்குக் கிளம்பும். தாதுவில் இரும்பு சும்மா இல்லை, ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. உலைச் சூட்டில் கரி அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போனால்தான் இரும்பு இரும்பாக ஒழுகும். கரியை எடை போட்டுத்தான் கொட்டுவார்கள். அந்த எடைக்குள் தண்ணீர் இருந்தால் கரி போதாது. உலை குளிர்ந்து, உருகியதெல்லாம் உள்ளேயே உறைந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அதுதான் நடந்தது. குவியலின் மேலாக நாலு கட்டி பொறுக்கிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்ட மடைச்சி நான்தான். "இன்னொரு புகார் வந்தால், யார் சொன்னாலும் சரி, உனக்கு மேஜை வேலைதான்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

8.15. துறைமுகக் கொட்டகையில் சரக்கு ஏஜென்ட் ஹல்தார் பாபு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மாதிரியையும் அவரே டப்பாக்களில் நிரப்பி வைத்திருந்தார். அங்கே அதுதான் வழக்கம், மரியாதையாம்.

"வெயிலில் எதற்கு அலைச்சல் திதி? சா குடியுங்கள்." அங்கே அக்காவுக்குத் திதி, டீக்கு சா.

"நானே எடுத்துக்கொள்கிறேன்."

"பெண்பிள்ளை குவியல் மேல் ஏறுவதா?"

"ஏறிக் காட்டட்டுமா?" முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

கொட்டகை கிளார்க் செல்வராஜ் தூத்துக்குடிக்காரர், என் ஊர்ப்பக்கம். கீழே நின்று கெஞ்சினார்: "எதுக்குக்கா வம்பு? எல்லாரும் மேலாப்லதான் எடுக்காவ."

"அதனாலதான் நான் உள்ள தோண்டுதேன். அந்த டப்பாவ நீட்டும்!"

இடுப்பளவு தோண்டினேன். உள்ளே கை வைத்ததும் சில்லென்றது. "ஈரம்" என்றேன். "ஈரமா? எங்கே? கரி எப்போதும் கறுப்புதானே" என்றார் ஹல்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாசலில் எல்லோரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் டீக்கடைக்காரியிடம் வாணலி கேட்டேன். திட்டிக்கொண்டே ஓர் ஓட்டை உடைசலையும் மூடியையும் தந்தாள். முதலில் ஹல்தாரின் டப்பாக் கரியைக் கொட்டி, மூடி அடுப்பில் வைத்தேன். மூடி காய்ந்தே இருந்தது. அவர் சிரித்தார். உள்ளேயும் இப்படியே இருந்தால் எனக்கு மேஜை வேலைதான். அடுத்து என் டப்பா. கொஞ்ச நேரம்தான், மூடி வியர்த்துக் கொட்டியது. மூடியைத் தூக்கியதும் சொட்டுகள் அடுப்பில் விழுந்து சுர்ரென்றன.

"ஹல்தார் பாபு, இந்தத் தண்ணியிலேயே சா போடலாமே!" என்றாள் மாஷி. லாரிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உங்கள் மேனேஜருக்குப் போன் போடுவேன்."

"தாராளமாக. நம்பர் ஃபாரத்தின் தலையிலேயே இருக்கிறது." கையெழுத்துக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு ஃபாரத்தை அவர் கையில் கொடுத்தேன்.

மதியம் 1.30. மாஜேர்ஹாட்டில் டெலிபோன் பூத்திலிருந்து ஆபீசைக் கூப்பிட்டேன். மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார்.

"லாரிகள் நிற்கின்றனவாமே. கையெழுத்துப் போட்டாயா, இல்லையா?"

"இல்லை சார்."

"நாளை முதல் நீ வெளியே போக வேண்டாம்."

பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ரிசீவர் முழுக்க என் கரி விரல்கள்.

"அதே கப்பல் சரக்கில் மீதி சாந்த்ராகாச்சி யார்டில் வேகனில் நிற்கிறது சார். காலை ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். மண்வெட்டி என்னிடம்தான் இருக்கிறது" என்று சொல்லிப் போனை வைத்தேன்.