பாதாம் தோல்

எங்கள் வீட்டில் பாதாமுக்கு ஒரு சட்டம் இருந்தது. பருப்பு அண்ணனுக்கு, தோல் எனக்கு.

அண்ணன் பத்தாவது படித்த வருஷம் அப்பா திருக்கோவிலூரில் ஒரு பாயின் மளிகைக் கடையிலிருந்து பாதாம் வாங்கி வந்தார். ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோலுரித்துக் கொடுத்தால் பையனுக்கு ஞாபக சக்தி கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காலையில் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்துவாள். வெள்ளைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அண்ணன் படுத்தபடியே வாயைத் திறப்பான்.

"எனக்கு?" என்று கேட்டால், "உனக்கு இன்னாடி பரீட்ச? அவன் படிச்சாத்தான் வூடு நிமிரும்" என்பாள்.

எனக்கும் பரீட்சை இருந்தது. எட்டாவது முழுப்பரீட்சை. அதை யார் பரீட்சை என்று சொன்னார்கள்? கிண்ணத்தில் ஒட்டிக்கிடந்த பழுப்புத் தோலை வழித்துத் தின்பேன். துவர்க்கும், பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் பாதாம் வாசனை அதிலும் கொஞ்சம் இருந்தது.

மிச்ச ஆசையைப் பள்ளிக்கூடத்தில் தீர்த்துக்கொண்டேன். மைதானத்து ஓரத்தில் ஒரு வாதுமை மரம் நின்றது. நாட்டு பாதாம் என்போம். பழத்தின் சதையைக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கல்லால் தட்டினால், விரலையும் நசுக்கிக்கொண்ட பிறகு, குச்சி போல ஒரு பருப்பு கிடைக்கும். அதற்கு யார் தயவும் வேண்டியதில்லை. அந்த மரத்தடியில் சிவந்து உதிர்ந்து கிடந்த இலைகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பாதாமால் அண்ணனுக்கு மூளை வளர்ந்ததோ இல்லையோ, திமிர் நன்றாக வளர்ந்தது. அவன் சென்னைக்கு வேலைக்குப் போனான். நான் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனேன். தோல் தின்ற நானே டீச்சர் ஆகிவிட்டேன், பருப்பு தின்ற நீ கலெக்டர் ஆகியிருக்க வேண்டாமா என்று அவனைச் சீண்டுவேன்.

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்ததும் கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். உடம்பு தேற வேண்டுமானால் கேழ்வரகு, முட்டை, பாதாம் எல்லாம் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பாதாமில் புரதம் இருக்கிறதாம், நல்ல கொழுப்பு இருக்கிறதாம். "தோல உரிச்சிப் போட்றாதீங்கம்மா, நார்ச்சத்து அதுலதான் ஜாஸ்தி" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒன்றும் தெரியாதவள் போல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினமும் ஊறிய பாதாமை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் கிண்ணம் காலியாக இருக்கும். ஆனால் அம்மா தேறவில்லை. வாக்கரைப் பிடித்து எழுந்தாலே கால் நடுங்கியது. இப்படியே படுக்கையில் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையை உதறினேன். தலையணைக்கு அடியில் ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே பாதாம், தோலுரித்து, கட்டிலை ஒட்டிய ஜன்னல் வெயிலில் காயவைத்தது.

அடுத்த வாரம் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தான். பெற்ற மனம் பித்து என்பார்கள். டப்பாவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்த வயசுலயும் அவனுக்கா எடுத்து வெக்கிற? அப்ப நீ இன்னாதாம்மா துன்ன?"

"தோல துன்னேன். டாக்டரம்மா அதுலதான சத்து ஜாஸ்தின்னு சொல்லுச்சி" என்றாள் அம்மா. "அவனுக்கு எதுக்கு? அவன் பொண்டாட்டி வேளாவேளைக்கு ஆக்கிப் போடறா. நீதான் வெறும் வயித்தோட பஸ்ஸுக்கு ஓடிக்கினு கீற. உன் பையில போட்டு வுடலாம்னுதான் வெச்சிருந்தேன். எழுந்து போவ முடியல."

என் பை எதிர்ச்சுவர் ஆணியில் தொங்கியது. கட்டிலிலிருந்து நாலு எட்டு இருக்கும்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். "இன்னாத்துக்குடி அழுவுற?" என்று அதட்டினாள். ஒரு பாதாமை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் ஒன்றை வாயில் போட்டு மென்ற பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.