காற்றைக் கூப்பிட்ட விசில்

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகள் கைபேசியில் ஒரு குறும்படம் காட்டினாள். தனியாக இருக்கும் ஒரு பெண் யன்னல்களைத் திரும்பத் திரும்பப் பூட்டுகிறாள். வெளியே மரங்கள் மட்டும் காற்றில் இரைந்து அசைகின்றன. அந்த இரைச்சலைக் கேட்டதும் என் வாயில் சட்டைத் துணியின் உப்பு ருசி வந்தது.

நான் பிறந்த மயிலிட்டியில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா மீன்பிடிக்கப் போய்க் கடலில் நிற்கும்போது வீட்டில் யாரும் விசிலடிக்கக் கூடாது. விசில் காற்றைக் கூப்பிட்டுவிடுமாம். எனக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் காலை, முன்பல் விழுந்த ஓட்டைக்குள்ளால் விசில் தானாக வந்துவிட்டது. சிறிது நேரத்தில் பனையோலைகள் சரசரத்தன. பிறகு வேலி ஆடியது. கொடியில் காயப்போட்டிருந்த, ஐயா இடுப்பில் கட்டும் சாரம் ஆளில்லாமல் எழுந்து நடந்தது. நான்தான் கூப்பிட்டேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்னொரு விசில் தப்பிவிடாதபடி சட்டை நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு கரையில் நின்றேன். கடல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஐயாவின் வள்ளம் வந்தது.

"என்னடி பிள்ளை, அம்மா சோறு தரேல்லையோ? சட்டையைத் தின்னுறாய்," என்றார். பிறகு அம்மாவிடம், "நல்ல காத்தப்பா. பாயை விரிச்சன், கெதியா வந்திட்டன்," என்றார்.

படம் முடிந்ததும் மகள் சலித்துக்கொண்டாள். "கடைசியிலை ஒண்டும் நடக்கேல்லையே, அம்மா."

"ஓம் பிள்ளை, நடக்கேல்லைத்தான்," என்றேன்.

அந்த விசிலுக்கு அடுத்த நாள் ஐயா வழக்கம்போலக் கடலுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்ல வாயைத் திறக்காததற்காக ரீச்சர் என்னை நான் உட்காரும் வாங்கின்மேல் ஏற்றி நிற்க வைத்தார்.