ஒரு நாள் எட்டாம் வகுப்பு

அன்று விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்குமாக ஓடிய ஓட்டத்தில் பாவாடை ஓரமெல்லாம் செம்மண். இன்ஸ்பெக்டர் எரியோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி மாட்டுவண்டி ஏறிவிட்டார் என்று சேதி வந்தாயிற்று. அக்காவோ இன்னும் பூப் பறித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு காலியாகிக்கொண்டே வந்தது. பையன்கள் தோட்டத்தில் கமலை ஓட்டித் தண்ணீர் இறைக்கப் போனார்கள். பெண்கள் பெரியவளானதும் வீட்டோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது ஆள் குறைந்தால் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் எடுத்துவிடுவார்கள், ஐந்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பெரிய வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து புலம்பினார். நான் அப்போது ஐந்தில் இருந்தேன். மூட்டை கட்டப்போவது நான்தான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அப்பா பெரிய மனசு பண்ணி இரண்டு பேரை இரவல் கொடுத்தார். ஒன்று, தாவணி போட்ட கையோடு பள்ளியைவிட்டு நின்ற அக்கா. இன்னொன்று, எட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த சித்தப்பா. ஆசை ஆசையாக வளர்த்த மீசையை அவர் என் படிப்புக்காக மழித்துக்கொண்டார்.

“இன்னிக்கு ஒரு நாளைக்குத்தேன். நாளைக்கும் போறேன்னு வந்து நிக்கக் கூடாது” என்று அப்பா அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பூக்கூடை நிறைந்து எரியோட்டுக்கு, திண்டுக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பாமல் அக்காவை விடுவதாயில்லை அம்மா. நானும் செடிக்குள் புகுந்து பிய்த்துப் போட்டு, தலையில் ஒரு குட்டும் வாங்கிக்கொண்டேன். ஒருவழியாக அம்மா தலையசைத்ததும் ஓடினோம். அக்கா என்னை முந்திக்கொண்டு ஓடினாள். அவசரம் எனக்குத்தானே, இவள் ஏன் இப்படிப் பறக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். சித்தப்பா மேலுதட்டைத் தடவிக்கொண்டு கடைசி வரிசையில் குனிந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு வட்டிக் கணக்குக் கொடுத்தார். யாரும் அசையவில்லை. அக்கா எழுந்துபோய்ப் பலகையில் மளமளவென்று போட்டுவிட்டாள்.

“பேஷ்! எட்டு முடிச்சு எங்கே படிக்கப் போறே?” என்றார் அவர்.

தொலைந்தோம், உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“திண்டுக்கல்லு போயி ஹைஸ்கூல்ல படிப்பேன் சார். அப்பறம் டீச்சர் டிரெயினிங் போவேன்.” கொஞ்சமும் தடுமாறவில்லை. பெரிய வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. ராத்திரிச் சோற்றின்போது, அக்கா எம்புட்டு ஜோராகப் பொய் சொன்னாள் என்று நான் நடித்துக் காட்டினேன். சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பாகூடச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இன்னொரு தடவை நீயே சொல்லிக் காட்டு என்று அக்காவை நச்சரித்தேன்.

“திண்டுக்கல்லு போயி...” என்று ஆரம்பித்தாள். அப்படியே நிறுத்திவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போய்விட்டாள். சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

சொன்ன பொய் அதற்குள் மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, மீதியை நானே சொல்லி முடித்தேன்.