அம்பு ஒட்டாத வாக்கியங்கள்

காதர்பேட்டை பனியன் கடையில் மகளுக்கு வாங்கிவந்த பனியனில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது. அம்பு காட்டிய இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். முதல் வேலையாக அந்த அம்பைப் பிய்த்து எறிந்தேன். சிரிக்காதீர்கள், நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டில் அந்த அம்பை என் கட்டுரைகளிலும் ஒட்டுவார்கள்.

அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கறை, ஓட்டை, விட்டுப்போன தையல், எதைக் கண்டாலும் அம்பு. என்னை எப்படியாவது நன்றாக எழுத வைத்துவிட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. பாவம், தெரிந்த வழியில் இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் கதவைச் சாத்தி, கட்டுரை எழுதச் சொல்வார். பிறகு அம்புகள். வாக்கியம் நீண்டால், "நூலு தொங்குது பாரு கண்ணு, வெட்டு" என்பார். எல்லா அம்பும் போகும்வரை எழுந்திருக்கக் கூடாது. வெளியே பிள்ளைகள் நொண்டி ஆடும் சத்தம் கேட்கும். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

ஒருநாள் எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி எழுதினேன். சாயப்பட்டறைத் தண்ணீர் அதில் ஓடிய காலம் அது. 'நேற்று ஊதா, இன்று பச்சை, நாளைக்கு என்ன நிறம் என்று நானும் தம்பியும் பந்தயம் கட்டுவோம்.' எழுதும்போதே குதூகலமாக இருந்தது. அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்பை ஒட்டினார்.

"நெசந்தானுங்களேப்பா?"

"நெசந்தான் கண்ணு. பரீட்ச திருத்தறவங்க வெளியூர்க்காரங்க, தப்புன்னு போட்ருவாங்க. நீலம்னு எழுதீரு."

எழுதினேன். முழு மதிப்பெண். அப்பா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு அம்புக்கு இடமே கொடுக்காத வாக்கியங்கள்தான் எனக்கு. இன்று எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுகிறேன். ஒரு பிழை இருக்காது, உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. மேனேஜர் மெச்சிக்கொள்கிறார்.

இப்போது ஆற்றில் அந்த நிறங்கள் இல்லை. நல்லதுதான். போன வாரம், ஊரின் பழைய கதையை வீட்டில் கேட்டு எழுதிவரப் பள்ளியில் சொன்னார்களாம். மகள் பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஆறு கலர் கலராப் போச்சாமா? எப்பிடீங்கம்மா இருந்துச்சு?"

"ஆற்றில் சாயக்கழிவு கலந்தது. அதனால் நீரின் நிறம் மாறியது" என்றேன்.

"அப்பறம்?"

பாலத்துக் கம்பியில் தம்பி தொங்கிக்கொண்டிருந்தது, பந்தயத்தில் தோற்றவர் முதுகில் வாங்கிய குத்து, எல்லாம் நெஞ்சுக்குள் முட்டியது. வாய்க்கு வரமாட்டேன் என்றது. மகள் எழுதாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க அதயப் பாத்தீங்களா, இல்லீங்களாம்மா?"