மூடிய குழிக்குச் சாட்சி இல்லை

வியட்நாமில், சைகோனை அடுத்த பின் யுவோங் மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையைக் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்திருந்தேன். முதலாளி தரப்பு மேலாளர் ஹமீதும் என்னைப் போலவே காரைக்கால்காரர்; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். தகராறு வந்தால் தீர்ப்பதற்கென்று, இரு தரப்புக்கும் பொதுவான மூன்று பொறியாளர்கள் ஆரம்பம் முதலே வேலையிடத்துக்கு வந்து பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

"ஒரே ஊர்க்காரங்க நாம. நமக்குள்ள எதுக்கு தம்பி மூணாம் மனுஷன்?" என்றார் நானா. எனக்கும் அது பெருமையாக இருந்தது. அந்த விதியை அடித்துவிட்டோம்.

அஸ்திவாரம் தோண்டினால், மண் பரிசோதனையில் சொல்லாத சேறு. "ஆழமா போங்க தம்பி, தாமதமானா நான் பேசிக்கிறேன்" என்றார், குழிக்குள் எட்டிப் பார்த்த நானா. நம்பிப் போனேன். குழிகளை மூடி கான்கிரீட் போட்டபின் முதலாளி தாமதத்துக்குக் காரணம் கேட்டார். என் எதிரிலேயே நானா, "சேறா? நான் பாக்கலையே!" என்றார். பார்த்ததாகச் சொல்ல மூன்றாவது ஆள் இல்லை. பாதி வேலையில் என்னை வெளியேற்றினார்கள்.

சைகோனின் டோங் டு பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், இப்போது ஆளுக்கொரு வரிசையில் நிற்கிறோம்.

இரு தரப்புக்கும் பொதுவான மூன்று பேர் வந்து பார்க்காமல் இப்போது எந்தக் குழியையும் நான் மூட விடுவதில்லை. எதிர்த்தரப்பில் ஊர்க்காரர் இருந்தால், இன்னொரு முறையும் வந்து பார்க்கச் சொல்கிறேன்.